எலுமிச்சை இலையில் ஒரு வெள்ளிக் கோடு

எங்கள் பள்ளியில் கைகழுவும் குழாயடியில் ஓர் எலுமிச்சைக் கன்று நிற்கிறது. மழைக்குப் பின் அது துளிர்த்தபோது, ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி இளம் இலை ஒன்றைப் பறித்து வந்து, "டீச்சர், இதுல நத்தை ஊர்ந்துருக்கு" என்று காட்டினாள். இலை முழுக்க வெள்ளியாய் மின்னும் வளைந்த கோடு. "நத்தை இல்லம்மா, இது ஏதோ நோய்" என்றேன். காய்கறித் தோட்டத்துத் தக்காளி இலைகளிலும் வெள்ளைக் கோடுகள் இருந்தது நினைவுக்கு வர, "இங்கிருந்துதான் அங்கே பரவியிருக்கும்" என்றும் சொல்லிவைத்தேன். அப்படியானால் கன்றைப் பிடுங்கிவிடலாமா என்று பிள்ளைகள் கேட்ட பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. தேடிப் படித்தேன். நான் சொன்ன இரண்டுமே தவறு.

கோட்டைப் போட்டது ஓர் அந்துப்பூச்சியின் புழு. அறிவியல் பெயர் பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. தமிழில் இலைத் துளைப்பான் என்கிறார்கள். வெளியே துளை எதுவும் தெரியாததால் சுரங்கப் பூச்சி என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சிறகை விரித்தாலே சுமார் 4 மில்லிமீட்டர்தான். வெள்ளி நிறச் சிறகு, முன்சிறகின் நுனியில் ஒரு கரும்புள்ளி. இரவில் பறப்பதால் நம் கண்ணில் படுவது அரிது.

தாய்ப்பூச்சி இளந்துளிரில் முட்டையிடுகிறது. பொரித்ததும் புழு நேராக இலையின் தோலுக்குள் புகுந்துவிடும். அதற்குக் கால்கள் கிடையாது. புறத்தோல் செல்களைக் கிழித்துச் சாற்றைக் குடித்தபடி முன்னேறுகிறது. மேலே மெல்லிய படலம் மட்டும் மிஞ்சி, உள்ளே காற்று புகுவதால் பாதை வெள்ளியாய் மின்னுகிறது. கோட்டின் நடுவே கறுப்பு நூல்போல் ஓடுவது புழுவின் எச்சம். கைலென்ஸில் பார்த்த பையன்கள் "ச்சீ" என்று விலகிவிட்டு, மறுபடி பார்க்க வரிசையில் நின்றார்கள்.

கோடு தொடங்கும் இடத்தில் மெலிந்தும், போகப்போக அகன்றும் இருக்கும். புழு வளர வளர சுரங்கமும் அகல்கிறது. அதனால் எந்த முனை தொடக்கம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். கோடு இலையின் ஓரத்தில் முடியும். அங்கே புழு பட்டிழையால் விளிம்பை மடித்து, அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. முட்டை முதல் அந்துப்பூச்சி வரை, வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும். வளருருமாற்றப் பாடத்துக்கு வண்ணத்துப்பூச்சிப் படத்தையே காட்டிக்கொண்டிருந்த எனக்கு, நான்கு பருவங்களில் இரண்டின் தடம் ஒரே இலையில் கிடைத்தது.

இனி தக்காளி. அதில் கோடு போடுவது அந்துப்பூச்சியே அல்ல, ஒரு சிறு ஈயின் புழு. அந்த ஈ தக்காளி, அவரை, பூசணி எனப் பல குடும்பத் தாவரங்களில் வாழும். அதன் புழு பெரும்பாலும் இலையை விட்டு வெளியேறி மண்ணில் விழுந்தே கூட்டுப்புழுவாகும். எலுமிச்சைப் பூச்சியோ எலுமிச்சை, ஆரஞ்சு, நாரத்தை, வில்வம் என்று ரூட்டேசி குடும்பத்தைச் சுற்றியே வாழ்கிறது. ஆக, கன்று தக்காளிக்கு எதையும் பரப்பவில்லை.

இப்பூச்சியை 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் கல்கத்தாவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு விவரித்தார். ஆசியாவைச் சேர்ந்த இது, 1993இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா ஆரஞ்சுத் தோட்டங்களில் தென்பட்டது. அங்கே மருந்தை மட்டும் நம்பவில்லை. இப்பூச்சியின் புழுவில் வளரும் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து 1994இல் விட்டார்கள்.

மருந்தடிக்கலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். புழு தோலுக்கடியில் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. அதை அழிக்கும் குளவிகள்தான் முதலில் சாகும். பிள்ளைகள் கைகழுவும் இடம் வேறு. முற்றிய இலைகளை இப்பூச்சி பெரும்பாலும் தொடுவதில்லை, வளர்ந்த மரம் தாங்கிக்கொள்ளும். இளங்கன்றில்தான் கவனம் தேவை. துளிர் சுருண்டு வளர்ச்சி குன்றும், கிழிந்த தோல் வழியே சொறி நோய்ப் பாக்டீரியாவும் நுழையலாம். அதனால் விளிம்பு மடிந்த இலைகளை மட்டும் கிள்ளி, மெல்லிய துணி கட்டிய பாட்டிலில் போட்டுவைத்தோம்.

மறுநாள் வகுப்பில், நான் தவறாகச் சொன்னதை நானே கரும்பலகையில் எழுதி அடித்துக் காட்டினேன். இலையைக் கொண்டுவந்த மாணவி இப்போது தக்காளிச் செடியின் அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறாள்.