லாரி மோதினால் யாருக்கு அடி அதிகம்?

கனமான லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. காரின் மீது லாரி செலுத்தும் விசை பெரியதா, லாரியின் மீது கார் செலுத்துவது பெரியதா? லாரிதான் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். உண்மையில் இரண்டும் சமம். நியூட்டனின் மூன்றாம் விதி அது. காரின் நிறை குறைவு என்பதால் அதே விசை அதை அதிக முடுக்கத்தோடு தூக்கியெறிகிறது, அவ்வளவுதான்.

ஹார்வர்டில் 1984 முதல் இயற்பியல் நடத்திய எரிக் மஸூரின் மாணவர்கள் சிக்கலான கணக்குகளை அநாயாசமாகப் போட்டார்கள். இந்த மாதிரிக் கேள்வியில் சறுக்கினார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைப்பதுபோல எழுதவா என்று ஒரு மாணவர் கேட்டதாக மஸூரே சொல்லியிருக்கிறார். அவர் விதவிதமாக விளக்கியும் பலருக்குப் புரியவில்லை. கடைசியில், பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்றார். வகுப்பே இரைச்சலானது, சில நிமிடங்களில் புரிந்தும்விட்டது.

பிற்பாடு இதையே அவர் முறையாக்கினார். கேள்வி கேட்பது, ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்வது, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடுவது, மறுபடி விடை சொல்வது. நேற்றுப் புரிந்துகொண்ட மாணவனுக்கு எந்த இடம் இடறும் என்பது இன்னும் நினைவிருக்கும். பேராசிரியருக்கு அது மறந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

சரி, யாருக்குமே விடை தெரியாத குழுவில்? தவறுதானே பரவும்? கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். பேசி முடித்ததும், அதே கருத்தை வேறு வடிவில் கேட்கும் இரண்டாவது கேள்வியைத் தனித்தனியாகக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் ஒருவருக்கும் விடை தெரியாத குழுக்களிலும் புரிதல் கூடியிருந்தது! ‘ஏன்?’ என்று எதிரில் இருப்பவர் கேட்கும்போது காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லும்போதே ஓட்டை தெரிந்துவிடுகிறது.

எல்லாக் கேள்விகளுக்கும் இது பலிக்காது. முதல் சுற்றில் ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால்தான் விவாதம் பயன் தரும் என்பது மஸூர் வகுத்த அளவு. அப்படிப்பட்ட கேள்வியைத் தயாரிப்பது பாடம் நடத்துவதைவிடக் கடினமான வேலை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 2019இல் வெளியான ஹார்வர்டு ஆய்வில், தாங்களே முயன்று கற்ற மாணவர்கள் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் சரளமான விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். மூளை திணறுவதை ‘புரியவில்லை’ என்று எடுத்துக்கொண்டுவிடுகிறோம் போலும். ஆசிரியர்களே, இம்முறையைத் தொடங்குவதானால் முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.