வளரும் விரலும் சாய்வுப் பலகையும்

1988-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் வொல்ஃப்காங் கியூலிஷ் என்ற பாறையேற்ற வீரர், கால் படாமல் கைகளால் மட்டுமே மரச்சட்டங்களைத் தாவித் தாவிப் பிடித்து ஏறும் பலகை ஒன்றை அமைத்தார். அதுதான் கேம்பஸ் போர்டு. 2005-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த பென் மூன், 40 டிகிரி சாய்வும் எங்கும் மாறாத பிடிகளும் கொண்ட மூன்போர்டைக் கொண்டுவந்தார். இத்தகைய பலகைகளின் பலமே மாறாத்தன்மைதான். ஒரே பிடி, ஒரே கோணம், ஒரே அசைவு என்று திரும்பத் திரும்பச் செய்யும்போது சுமையை அளந்து கூட்ட முடிகிறது. விரல்வலு ஏறுவது கண்கூடாகத் தெரிகிறது. வளர்ந்த ஏறுநருக்கு இது அருமையான கருவி. எலும்பு வளர்ந்து முடியாத பிள்ளைக்கோ, எது பலமோ அதுவே காயத்துக்கும் காரணம். ஆகவே ஒரு பிள்ளை பலகையில் ஏறலாமா என்பதை அதன் வலுவைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, எலும்பின் வளர்ச்சியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

காரணம் விரலுக்குள்ளேயே இருக்கிறது. சிறிய விளிம்பைப் பிடிக்கும்போது நடுக்கணு செங்கோணமாக மடங்குகிறது. நுனிக்கணு பின்னோக்கி வளைகிறது. கட்டைவிரல் மேலே வந்து பூட்டுகிறது. கிரிம்ப் எனப்படும் இந்தப் பிடியில் உடலின் எடை நடுக்கணுவில் குவிகிறது. பெரியவர்களுக்கு இதனால் பெரும்பாலும் பாதிக்கப்படுவது, தசைநாணை எலும்போடு பிணைக்கும் வளையம்தான். அது அறுந்தால் பல சமயம் 'டப்' என்ற சத்தம் கேட்கும்; உள்ளங்கைப் பக்கம் வலிக்கும். வளரும் பிள்ளைக்கு அந்த வளையத்தைவிட வலுக் குறைந்தது, எலும்பு நீளக் காரணமான குருத்தெலும்புத் தட்டு. அது பெரும்பாலும் ஒரே நாளில் உடைவதில்லை. வாரக்கணக்கில் சேரும் அழுத்தத்தில் மெல்ல விரிசல் விடுகிறது. விழுந்ததும் இல்லை, சத்தமும் இல்லை; நடுவிரலின் நடுக்கணுவில், முதுகுப்பக்கம், தொட்டால் வலி, லேசான வீக்கம், காலையில் விரலை மடக்கினால் இறுக்கம், அவ்வளவுதான். சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தடவி மறுநாளே பலகைக்கு அனுப்பிவிடுகிறோம். அங்கேதான் கேடு. தொடக்கத்திலேயே கண்டுபிடித்து விரலுக்குச் சுமையை அடியோடு நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ கூடிவிடும். வலியோடு தொடர்ந்து ஏறினால் மூட்டு நிரந்தரமாகக் கோணிப்போகலாம். முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். வலி நீடித்தால் எம்ஆர்ஐ ஸ்கேன் தேவையா என்று பெற்றோர் மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.

சாம்பியன்கள் எல்லாரும் சிறுவயதிலேயே தொடங்கியவர்கள்தானே என்பார்கள். ஏறத் தொடங்கியது சிறுவயதில் என்பது உண்மை. ஆனால் ஏறுவது வேறு, ஒரே விரலசைவை மணிக்கணக்கில் சுமையேற்றிச் செய்வது வேறு. விரல் கெட்டு விளையாட்டை விட்டுப் போனவர்களை மேடையில் நாம் பார்ப்பதும் இல்லை. ஆட்ரி மாரிசனும் ஃபோல்கர் ஷோஃப்லும் 2007-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் எழுதிய ஆய்வுக் கட்டுரை, இளம் ஏறுநர்களுக்குத் தீவிர விரல்வலுப் பயிற்சி வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. 'என் பிள்ளைக்கு வலு வந்துவிட்டதே' என்ற வாதம் இன்னும் ஆபத்தானது. பருவ வயதில் தசை சட்டென்று வலுக்கும். குருத்தெலும்பு அப்படி வலுக்காது. வலுவுள்ள பிள்ளைதான் தன் விரலுக்கு அதிகச் சுமை ஏற்றுகிறது. அந்த வயதில் கால்வைப்பையும் உடல் சமநிலையையும் பெரிய பிடிகளில் விதவிதமான ஏற்றங்களையும் பழகினால் இழப்பு ஒன்றும் இல்லை. பலகை காத்திருக்கும்.

பிள்ளைக்குக் காயம் பட்டாலும், ஏறுபயிற்சிக் கூடத்தில் சேரும்போது 'ஆபத்தை அறிந்தே வருகிறோம்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி என்ன செய்ய முடியும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு இதற்குத் தெளிவான பதில் தருகிறது. கவனக்குறைவால் நேரும் உடற்காயத்துக்கான பொறுப்பை, ஒப்பந்த வாசகத்தாலோ அறிவிப்புப் பலகையாலோ வணிக நிறுவனம் கழற்றிவிட முடியாது. அதற்காக எல்லாக் காயத்துக்கும் இழப்பீடு கிடைத்துவிடாது. பாறையேற்றத்தில் இயல்பாகவே உள்ள ஆபத்து ஒன்று; வலி என்று பிள்ளை சொன்ன பிறகும் பயிற்சியாளர் பலகையில் ஏற்றுவது இன்னொன்று. இரண்டாவதை நிரூபிக்கச் சான்று வேண்டும். ஆகவே வலி தொடங்கிய அன்றே பயிற்சியாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கூடத்தின் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். பயிற்சி அட்டவணையையும் ஸ்கேன் அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காயத்துக்கு வழக்குத் தொடுக்கப் பெரியவர்களுக்குப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம். சிறாருக்கு அந்தக் கணக்கு 18 வயது நிறைந்த பிறகே தொடங்குவதால் 21 வயது வரை வழி திறந்திருக்கிறது.