மோதிரத்துக்கு வைரம் வாங்கப் போகிறீர்களா?

நம்மவர் வீடுகளில் நிச்சயதார்த்தம் என்றால் தட்டு மாற்றுவதும் லக்னப் பத்திரிகை வாசிப்பதும்தான். மோதிரம் மாற்றுவது பின்னால் வந்து சேர்ந்த வழக்கம். இங்கே ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளோ ஒற்றைக்கல் வைர மோதிரம்தான் வேண்டும் என்கிறார்கள். அண்மையில் என் அண்ணன் மகனுக்காகப் புனே லட்சுமி ரோடில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அந்த அலைச்சல் மற்ற அன்பர்களுக்கும் பயன்படட்டுமே என்று எழுதுகிறேன்.

அண்ணி கும்பகோணத்திலிருந்து போனிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, ப்ளூ ஜாகராப் பார்த்து வாங்குங்க. தோஷம் இருக்கக் கூடாது."

ப்ளூ ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரால் வந்தது. அங்கே தோண்டுவது 1970களிலேயே நின்றுவிட்டது. இன்று அந்தப் பெயரில் விற்கும் கற்களில் தெரியும் நீலச் சாயல் பெரும்பாலும் புற ஊதாக் கதிர் பட்டு எழும் ஒளிர்வுதான். கல்லின் ரிப்போர்ட்டில் 'ஃப்ளோரசன்ஸ்' என்று அதையும் குறித்திருப்பார்கள். அது குறையில்லை, ஆனால் மிக அதிகமானால் சில கற்கள் பால் கலந்த மாதிரி மங்கும். பெயருக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

தோஷ விஷயத்தில் நம் முன்னோர் சாமானியப்பட்டவர்கள் அல்லர். சிலப்பதிகாரத்தில் கோவலன் பார்க்கும் மதுரை ரத்தினக் கடைத்தெருவிலேயே வைரத்தின் நான்கு குற்றங்கள் சொல்லப்படுகின்றன: காக்கைக்கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. இன்றைய ரிப்போர்ட்டில் இவற்றுக்கு ஈடாக ஃபெதர், கிளவுட், பின்பாயின்ட், நீடில் என்று ஆங்கிலப் பெயர்கள் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். கடைக்காரர் வி.வி.எஸ். தரத்தைத்தான் முன்னே நீட்டுவார். ஆனால் வி.எஸ். தரத்திலுள்ள குறைகூட வெறும் கண்ணுக்குத் தெரியாது. நிறமும் அப்படியே. 'டி'யில் தொடங்கும் வரிசையில் 'ஜி', 'எச்' கற்கள் மஞ்சள் தங்கத்தில் வெள்ளையாகவே தெரியும்.

மிச்சம் பிடிக்கும் பணத்தைப் பட்டை தீட்டலில் போடுங்கள் என்பேன். கல் ஜொலிப்பதும் சோடை போவதும் அதில்தான் இருக்கிறது. வட்டக் கல்லுக்கு 57 அல்லது 58 பட்டைகள். ஆழம் கூடினாலும் குறைந்தாலும் மேலே விழுந்த வெளிச்சம் கண்ணுக்குத் திரும்பாமல் அடிவழியே போய்விடும். 'எக்ஸலன்ட்' என்ற தரத்தைக் கேட்டு வாங்குங்கள். கடை விளக்கில் கண்ணாடித் துண்டும் மின்னும். வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். 50 சென்ட், 100 சென்ட் என்ற எல்லைகளில் விலை ஒரே தாவாகத் தாவும். 47 சென்ட் கல்லுக்கும் 50 சென்ட் கல்லுக்கும் அகலத்தில் வித்தியாசம் தெரியாது, பர்ஸுக்குத் தெரியும்.

சிக்கல் வந்தது அதற்குப் பிறகுதான். ஒரு கடையில் ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தைக் காட்டினார்கள். இயற்கைக் கல் 40 சென்டுக்குச் சொன்ன விலையைவிடக் குறைவு, ஆனால் ஒரு காரட்! இது போலி அல்ல. 1954இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் செய்து காட்டிய காலத்திலிருந்து வளர்ந்த தொழில். இப்போது சூரத்திலேயே ஏராளமாக விளைகிறது. அதுவும் கார்பன்தான், அதே கடினம்தான். கடைக்காரரின் சாதாரண சோதனைப் பேனாவுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் இதன் விலை சில ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வருகிறது. திருப்பி விற்கப் போனால் கிடைப்பது சொற்பம். (இயற்கைக் கல்லிலும் போட்ட பணம் முழுசாகத் திரும்பும் என்று எண்ணாதீர்கள்.)

"சித்தப்பா, இதையே வாங்கிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் பையன்.

நான் ஒப்பவில்லை. பத்து வருஷம் கழித்து அந்தப் பெண் தோடாக மாற்றலாம் என்று கடைக்கு எடுத்துப் போவாள். அங்கே யாரோ ஒருவர் சொல்லித்தானா அவள் தெரிந்துகொள்ள வேண்டும்? "அவளிடமே கேள்" என்றேன். அங்கேயே போன் போட்டான். அவளோ, "லேப் வைரமே போதும், ஆனா அவ்வளவு பெருசு வேண்டாம், மிச்சத்தை ஃப்ளாட்டுக்கு வைங்க. எங்க அம்மாகிட்ட நானே சொல்லிடறேன்" என்றாள். 60 சென்டில் முடிந்தது. அண்ணியிடம் விவரம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "தோஷம் இல்லையே?" என்று மட்டும் கேட்டார்.

பணம் கட்டும் முன் இன்னும் சில. கல்லைப் பதிக்கும் முன்பே தனியாகப் பாருங்கள். ரிப்போர்ட் எண் கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்திருந்தால், லென்ஸ் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். தங்கம் 18 காரட் என்றால் 750 என்ற ஹால்மார்க்கும் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியும் வேண்டும். பில்லில் கல் இயற்கையா, ஆய்வகமா என்று எழுதச் சொல்லுங்கள். கல்லின் எடையைத் தங்கத்தின் எடையிலிருந்து கழித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஐந்து காரட் ஒரு கிராம்.