காக்கச் செல்வோரைக் காக்கும் கல்வி

துன்புற்றார்க்கு உதவ நல்லெண்ணம் ஒன்றே போதும் என்பர் பலர். அது போதாது. உதவச் செல்பவர்க்குத் தம்மைக் காத்துக்கொள்ளும் அறிவும் வேண்டும். அவ்வறிவு யாருக்குக் கிட்டுகிறது, யாருக்குக் கிட்டவில்லை என்பதை மாணவர்களாகிய நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று விடியுமுன் வேதாரண்யத்தையொட்டிக் கரையேறிய கஜா புயல், நம் புதுக்கோட்டை மாவட்டத்தையும் உலுக்கிச் சென்றது. ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. புயல் தாக்கிய மாவட்டங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. அரிசியும் குடிநீரும் ஏந்தி இளைஞர் பலர் ஓடோடி வந்தனர். அவர்கள் சென்ற வழிகளிலோ அறுந்த கம்பிகள் கிடந்தன. ஊர் இருண்டிருப்பதால் கம்பியில் மின்சாரம் இராது என்று எண்ணலாகாது. ஒரு வீட்டார் முறையின்றி ஜெனரேட்டரை இணைத்து இயக்கினால், அம்மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பிப் பாயக்கூடும். பாதி சாய்ந்து வளைந்து நிற்கும் மரமோ நாணேற்றிய வில்லை ஒத்தது. வெட்டியவுடன் வெட்டியவர்மீதே சீறி எழும்.

மனிதராலும் இடர் வருவதுண்டு. 2006 ஆகஸ்டில் இலங்கையின் மூதூரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் தம் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அனைவரும் இலங்கையர், பெரும்பாலோர் தமிழர். உலகெங்கும் இவ்வாறு உயிரிழக்கும் உதவிப் பணியாளருள் மிகப் பலர் அந்தந்த நாட்டவரே. பயிற்சியினால் எல்லாக் கொடுமையையும் தடுத்துவிட இயலாது என்பது உண்மை. ஆயினும் எப்போது செல்வது, எப்போது விலகுவது, யாரிடம் சொல்லிப் புறப்படுவது என்று பழகியிருப்பவர்க்குத் தப்பும் வாய்ப்பு மிகுதி. அப்பயிற்சிகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், நகரங்களில், பெருஞ்செலவில் நடைபெறுகின்றன. இணையத்தில் இலவசப் பாடங்கள் உண்டு. மொழி அறியாதவர்க்கு அவை பூட்டிய பெட்டியே. இடர் ஒருவர்க்கு, பாடம் மற்றொருவர்க்கு என்பது முறையாகுமோ?

இதற்கு வழி நம் மாவட்டத்திலேயே உண்டு. 1991-இல் இங்குப் பரவிய அறிவொளி இயக்கத்தின்போது நான் இளம் ஆசிரியன். கல்லுடைக்கும் பெண்களைக் கல்வி தேடிச் சென்றது; அவர்கள் ஓய்ந்திருக்கும் வேளையில், அவர்கள் பேசும் சொற்களில் பாடம் நடந்தது. பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். அதை நூலிலா கற்றனர்? திடலில் விழுந்தெழுந்து கற்றனர். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் இதுவே.

பாதுகாப்புப் பாடமும் அவ்வாறே அமைய வேண்டும். ஊர்த் திடலில் ஒரு கயிற்றைக் கிடத்தி, அதனை மின்கம்பியாகக் கொண்டு, பத்து மீட்டர் விலகி நின்று காவல் வைக்கவும், மின்வாரியத்துக்குச் செய்தி சொல்லவும் பழக்கலாம். இருவர் இருவராகச் செல்லவும், திரும்பும் நேரத்தை எழுதி வைக்கவும் பழக்கலாம். படிக்கத் தெரியாதவர்க்கும் இது விளங்கும். நாட்டு நலப்பணித் திட்டத்திலுள்ள மாணவர் இதனை அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னரே தொடங்கலாம். அதற்கு வேண்டியவை ஒரு கயிறும், ஒரு மாலைப்பொழுதும், நம் தமிழுமே.