விவிடி என்ஜின்னா மைலேஜ் அள்ளுமா? திண்டுக்கல் ரோட்டில் நிஜ பலன் எவ்வளவு? முழு விளக்கம்

‘விவிடி என்ஜின் சார், பவரும் இருக்கு, மைலேஜும் இருக்கு’ - பெட்ரோல் கார் வாங்கப் போகும் எல்லோரும் கேட்கும் வசனம் இது. பழைய கார் சந்தையிலும் இந்தப் பெயருக்குத் தனி மதிப்பு. ஆனால் திண்டுக்கல் ரவுண்டு ரோடு நெரிசல், பழனி ரோடு, மதுரை நான்குவழிச் சாலை, அவ்வப்போது கொடைக்கானல் என ஓடும் ஒரு சாதாரண குடும்பக் காருக்கு இதனால் கையில் எவ்வளவு மிஞ்சும்? இந்தப் பெயரை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

சரி, முதலில் விவிடி என்றால் என்ன?

‘வேரியபிள் வால்வ் டைமிங்’ என்பதன் சுருக்கம்தான் விவிடி. என்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போக ஒரு வழி, புகை வெளியேற ஒரு வழி. இந்த வழிகளைத் திறந்து மூடும் கதவுகள்தான் வால்வுகள். கேம்ஷாஃப்ட் என்ற தண்டு சுழன்று இவற்றைத் திறக்கிறது. மீட்டரில் 3,000 ஆர்பிஎம் காட்டினால், ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது என்று அர்த்தம்.

பழைய என்ஜின்களில் வால்வு திறக்கும் நேரம் ஃபேக்டரியிலேயே முடிவாகிவிடும். வண்டி மெதுவாகப் போனாலும், வேகமாகப் போனாலும் அதே நேரம்தான்.

இதைத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இருக்கும் ஒரு கடையோடு ஒப்பிடலாம். முகூர்த்த நாளும் சாதாரண நாளும் ஒரே நேரத்தில் கடையைத் திறந்தால் என்ன ஆகும்? ஒரு நாள் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது, இன்னொரு நாள் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். கூட்டத்தைப் பார்த்துத் திறக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டால் வியாபாரம் சீராக நடக்கும். விவிடி செய்வது அந்த வேலையைத்தான். என்ஜின் ஆயிலின் அழுத்தத்தை வைத்து கேம்ஷாஃப்ட்டைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே திருப்புகிறது. எப்போது, எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை காரின் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது.

இரண்டு வகை வால்வுகளுக்கும் இந்த வசதி இருந்தால் அது ‘டூயல் விவிடி’.

விடெக் வேறு, விவிடி வேறு

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. சாதாரண விவிடியில் கடை ஒரு மணி நேரம் முன்னால் திறந்தால், ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிவிடும். மொத்த நேரம் மாறாது. ஹோண்டாவின் விடெக் அப்படியல்ல. அதிக வேகத்தில் வேறொரு கேமுக்கு மாறி, வால்வை அதிக நேரமும் அதிக அகலமாகவும் திறக்கும்.

1989-ல் ஜப்பானில் வந்த ஹோண்டா இன்டெக்ரா, டர்போ இல்லாத 1.6 லிட்டர் என்ஜினில் 160 பி.எஸ். சக்தி கொடுத்தது. இந்தத் தொழில்நுட்பத்தின் பெயர் உலகம் முழுக்கப் பரவ இதுவே முக்கிய காரணம். நம்ம ஊர் இளைஞர்களுக்குத் தெரிந்த உதாரணம், யமஹா ஆர்15 பைக்கில் இருக்கும் விவிஏ. 7,400 ஆர்பிஎம்மில் அது வேறு கேமுக்கு மாறும்.

ஆக, இந்தப் புகழ் முதலில் கிடைத்தது வேகத்துக்கும் சக்திக்கும்தான். இந்தியாவிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ‘சிட்டி விடெக்’ காரால் பெயர் வாங்கிய ஹோண்டா, 2003-ல் புதிய சிட்டியை விடெக் இல்லாத ஐடிஎஸ்ஐ என்ஜினோடுதான் இறக்கியது. 77 பி.எஸ். சக்திதான். ஆனால் அந்தக் கார் விற்றது மைலேஜைச் சொல்லித்தான்.

அப்போ மைலேஜ் கூடவே கூடாதா?

கூடும். ஆனால் விளம்பரத்தைப் பார்த்து நினைக்கும் அளவுக்கு இல்லை. விவிடி மட்டும் தனியாகக் கொடுக்கும் எரிபொருள் மிச்சம் பொதுவாகச் சில சதவீதம்தான்.

மாருதி டிசையரைப் பாருங்கள். 2020-ல் அதே 1.2 லிட்டர் அளவில் டூயல்ஜெட், டூயல் விவிடி என்ஜின் வந்தது. சக்தி 83-ல் இருந்து 90 பி.எஸ். ஆனது. நிறுவனம் சொன்ன மைலேஜ் 21.21-ல் இருந்து 23.26 கிலோமீட்டராக உயர்ந்தது. கிட்டத்தட்ட 10 சதவீத முன்னேற்றம்.

இது முழுக்க விவிடியின் வேலையா? இல்லை. ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர், உயர்த்தப்பட்ட கம்ப்ரஷன், சிக்னலில் நின்றால் தானாக அணையும் வசதி என எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வந்தது. இன்னொன்று, பழைய என்ஜினிலும் விவிடி இருந்தது.

2024-ல் வந்த புதிய ஸ்விஃப்ட்டில் நான்கு சிலிண்டர் மூன்றானது. சக்தி 90-ல் இருந்து சுமார் 82 பி.எஸ். ஆகக் குறைந்தது. ஆனால் நிறுவனம் சொன்ன மைலேஜ் 22.38-ல் இருந்து 24.80 ஆனது. என்ஜின் மேல் எழுதியிருக்கும் ஒரு பெயர் மட்டும் மைலேஜை முடிவு செய்வதில்லை என்பது இதிலேயே தெரியும்.

ரூபாய்க் கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு கார் லிட்டருக்கு 18 கி.மீ. கொடுக்கிறது, ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் செலவு சுமார் 667 லிட்டர். விவிடியால் 4 சதவீதம் மிச்சம் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 27 லிட்டர்தான். லிட்டர் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,700 ரூபாய். மாதத்துக்கு 225 ரூபாய்.

டயரில் காற்று குறைவாக இருந்தாலே 3 சதவீதம் வரை மைலேஜ் போகும். ஆக, காற்றுப் பிடிக்க மறந்தால் விவிடி மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அங்கேயே காலி.

திண்டுக்கல் ரோட்டில் எங்கே கை கொடுக்கும்?

டவுனுக்குள்: பஸ் ஸ்டாண்ட், நாகல் நகர் பக்கம் இரண்டாவது, மூன்றாவது கியரில் ஊர்ந்து போகும்போது என்ஜின் திணறாமல் இழுக்கும். கியரை அடிக்கடி மாற்ற வேண்டிய தொல்லை குறையும். ஆனால் நெரிசலில் நின்றுகொண்டே இருந்தால் விவிடியால் பெரிய மிச்சம் இல்லை.

நெடுஞ்சாலையில்: கரூர், மதுரை பக்கம் தேசிய நெடுஞ்சாலை 44-ல் சீரான வேகத்தில் போகும்போதுதான் விவிடிக்கு நல்ல வேலை. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப் போகையில், காற்றை உள்ளே இழுக்க என்ஜின் வீணாக்கும் சக்தியை இது குறைக்கும். ஆனால் 80-ல் போக வேண்டிய இடத்தில் 100-ல் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும். அந்த இழப்பை எந்த விவிடியாலும் ஈடுகட்ட முடியாது.

மலையில்: சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில், குறைந்த ஆர்பிஎம்மில் கிடைக்கும் இழுவை நிச்சயம் உதவும். ஆனால் வத்தலக்குண்டு வழியாக கொடைக்கானல் ஏறும்போது ஒன்றை மறக்கக்கூடாது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும். விவிடி இல்லாத காற்றைக் கொண்டுவராது. மலையில் நிஜமாகவே வித்தியாசம் காட்டுவது டர்போதான்.

யாரும் சொல்லாத விஷயம்: ஆயில்

பெரும்பாலான கார்களில் விவிடி வேலை செய்வதே என்ஜின் ஆயிலின் அழுத்தத்தில்தான். ஆயில் அளவு குறைந்தாலோ, மாற்றாமல் விட்டுப் பிசுபிசுப்பு சேர்ந்தாலோ முதலில் அடிவாங்குவது இதுதான்.

பூட்டு ஊர்க்காரர்களுக்கு ஒரு சுவாரஸ்யம். விவிடிக்குள்ளும் ஒரு பூட்டு இருக்கிறது. வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் அழுத்தம் ஏறும் வரை, கேமை ஒரே நிலையில் பிடித்துவைக்கும் சின்ன பின் அது. அது தேய்ந்துபோனால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘கடகட’வென சில விநாடிகள் சத்தம் வரும்.

‘பழைய வண்டிதானே, கெட்டியான ஆயில் ஊத்திக்கலாம்’ என்று சொல்வதைக் கேட்டால் சிக்கல் கூடும். வண்டியோடு வரும் புத்தகத்தில் சொன்ன கிரேடு ஆயிலை, சொன்ன கிலோமீட்டரில் மாற்றுவதே பாதுகாப்பு. ஆயிலைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு மட்டும் கெட்டால் வேலை சுலபம். கேமோடு இருக்கும் ஃபேசர் போனால் என்ஜின் முன்பக்கத்தைக் கழற்ற வேண்டும். அப்போது பல ஆண்டுகளில் மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு ஒரே பில்லில் போய்விடும்.

பழைய கார் வாங்குபவர்கள் கவனிக்க

* என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து சத்தம் கேளுங்கள். விற்பவர் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் போங்கள்.
* ஐடிலில் வண்டி அதிர்கிறதா, செக் என்ஜின் விளக்கு எரிகிறதா பாருங்கள்.
* ஆயில் மாற்றிய சர்வீஸ் பில்களைக் கேளுங்கள்.
* டீசல் காரில் விவிடி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான டீசல் என்ஜின்களில் அது இருக்காது, அவற்றுக்கு அந்த அளவுக்குத் தேவையும் இல்லை.

முடிவாக...

விவிடி ஏமாற்று வேலை அல்ல. என்ஜின் மிருதுவாக ஓடவும், கீழ் வேகத்திலும் மேல் வேகத்திலும் இழுவை கிடைக்கவும் அது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் இன்று புதிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றில் அது இருப்பதால், அதைத் தனிச் சிறப்பாகச் சொல்வதில் பெரிய அர்த்தம் இல்லை. நன்றாகப் பராமரித்த விவிடி இல்லாத கார் ஒன்றும், ஆயில் மாற்றாமல் ஓடிய விவிடி கார் ஒன்றும் ஒரே விலைக்கு வந்தால், முதலாவதை எடுப்பதே புத்திசாலித்தனம்.