கடல் கடந்த குளிர்

நம் ராயகிரியில் குளிர்காலம் என்பது ஒரு பெயரளவில்தான் உண்டு. மேற்கு மலையின் அடிவாரத்தில் இருப்பதால் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் வயல்மீது பனிமூட்டம் படரும். முதியோர் துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வர். எட்டு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். 'தைப்பனி தரையைத் துளைக்கும்' என்று சொல்லிக்கொள்வோமே தவிர, துளைத்த தரையைக் கண்டவர் நம்முள் ஒருவரும் இலர்.

அத்தகைய குளிரைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆசையால் நாங்கள் நண்பர் அறுவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தின் பிற்பகுதியில் இலங்கையில் உள்ள நுவரெலியாவுக்குச் சென்றோம். மதுரையில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்கினோம். பின்னர் இரயிலில் மலைமேல் ஊர்ந்து, நானுஓயா நிலையத்தை அடைந்தோம். அங்கிருந்து சில கல் தொலைவு மோட்டாரில் சென்றால் நுவரெலியா.

அங்கே முதல் இரவே எங்களுக்குள் ஒரு வழக்கு எழுந்தது. இலங்கை நம் ஊருக்குத் தெற்கே உள்ளது. பூமத்திய ரேகைக்கு நம்மைவிட அருகில் உள்ளது. அப்படியானால் அங்கே வெப்பமன்றோ மிகுதியாக இருத்தல் வேண்டும்? பற்கள் கிடுகிடுக்கும் இக்குளிர் எங்கிருந்து வந்தது?

விடை உயரத்தில் இருக்கிறது. கதிரவன் முதலில் காய்ச்சுவது காற்றை அன்று, நிலத்தை. நிலத்தைத் தொட்டுச் சூடேறிய காற்று மேலே எழும்புகிறது. மேலே செல்லச் செல்ல அதனை அழுத்தும் காற்றின் பாரம் குறைவதால் அது விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 அல்லது 7 டிகிரி குறையும் என்பது கணக்கு. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே கொழும்பைவிட அங்கே சுமார் 12 டிகிரி குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

தை, மாசி மாதங்களில் இன்னொன்றும் சேர்கிறது. வானில் மேகம் இல்லாத இரவில் நிலம் பகலில் பெற்ற வெப்பத்தை விரைந்து வெளியே விட்டுவிடுகிறது. மேகம் என்பது நிலத்துக்குப் போர்த்திய கம்பளி போன்றது. அது விலகினால் நிலம் குளிர்ந்துபோகும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். அப்பள்ளங்களில்தான் விடியற்காலையில் புல்லின்மேல் வெள்ளை உறைபனியைக் காணலாம். மூன்றாம் நாள் காலையில் நாங்கள் கண்டோம். உப்பளத்தில் நடப்பதுபோல் காலின்கீழ் நறநறவென்றது. குழந்தைகளைப்போல் அதனைக் கையில் அள்ளி மகிழ்ந்தோம்.

செல்வோருக்கு ஒரு குறிப்புச் சொல்ல வேண்டும். தடித்த ஆடை ஒன்றைவிட மெல்லிய ஆடைகள் மூன்று மேலானவை. ஆடைகளுக்கிடையே நிற்கும் காற்றே உடற்சூட்டைக் காக்கிறது. நனைந்த பருத்தித் துணி குளிரை மிகுவிக்கும். உடனே களைதல் நன்று. எங்களுள் ஒருவர் வேட்டியும் துண்டுமே போதும் என்று வீரம் பேசினார். மறுநாள் அவருக்குக் கம்பளிச் சட்டை வாங்குவதற்காகக் கடைவீதியில் அரைநாள் கழிந்தது.

இவ்வூரை உல்லாச ஊராக ஆக்கியவர் ஆங்கிலேயர். சாமுவேல் பேக்கர் என்பவர் காய்ச்சலில் தேறுவதற்காக வந்து, குளிரில் மனம் பறிகொடுத்து, 1848ஆம் ஆண்டில் இங்கே ஆங்கிலக் கிராமம் போன்ற ஒரு குடியிருப்பை அமைத்தார். ஆளுநர் கிரெகரி 1873இல் ஏரியை உண்டாக்கினார். விடுமுறையை இனிதாகக் கழிக்க வேண்டியவை யாவும் அமைந்தன.

ஆனால் உறைபனி கண்ட அந்தக் காலையில் எங்கள் மகிழ்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை. சாலையோரத் தேயிலைத் தோட்டத்தில், சாக்குத் துணியை இடுப்பில் கட்டி, கூடையைத் தலையில் மாட்டிய பெண்கள் வரிசையாகச் சென்றுகொண்டிருந்தனர். கீழ்ப்பள்ளத்துச் செடிகளில் பனி பட்ட தளிர்கள் வெயில் ஏறியதும் கருகத் தொடங்கின. இலையினுள் இருக்கும் நீர் உறைந்து அதன் நுண்ணறைகளைச் சிதைத்துவிடுவதே காரணம். கொழுந்து கருகினால் கூடைக்கு வேலையில்லை. நாங்கள் கையில் அள்ளி விளையாடிய பனி, அவர்களுக்கு உணவைக் குறைக்கும் பனி.

முதிய தொழிலாளர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு அருகில் வந்தார். "எந்த ஊர் ஐயா?" என்றார். ராயகிரி என்றோம். அவர் முகம் மலர்ந்தது. "எங்கள் பாட்டன் சங்கரன்கோயில் சீமையாம். ஆடித்தபசு, ஆடித்தபசு என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அது இன்றைக்கும் நடக்கிறதா?" என்று கேட்டார்.

நடக்கிறது என்று சொல்லும்போது எங்களுக்குத் தொண்டை அடைத்தது. அவர் பாட்டனைப் போன்றவர்கள் விடுமுறைக்காகக் கடல் கடக்கவில்லை. முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கியபின் தேயிலைத் தோட்டங்களுக்குமாக, கங்காணிமார் வழியே தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து சென்றனர். காப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். அவர்கள் உழைப்பால் மலை பசுமையாயிற்று. ஆயினும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவர் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. ஒரே குடும்பத்தினர் இரு கரைகளில் பிரிந்தனர். எஞ்சியிருந்தோருக்கு 2003இல்தான் சட்டம் குடியுரிமை அளித்தது.

இவற்றையெல்லாம் நாங்கள் முன்னரே நூல்களில் படித்தவர்களே. எனினும், அந்தக் குளிரில் நின்று அம்முதியவரின் கேள்வியைக் கேட்டபோதுதான் எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதரைக் கண்டோம். ஒரு வாரம் இன்பமாயிருக்கும் குளிர், ஆயுள் முழுவதும் எப்படியிருக்கும் என்பதை அவர் கைகளில் இருந்த வெடிப்புகள் காட்டின. மீதி இரண்டு நாள்களில் ஏரிக்கரையைவிட லயன் வீடுகளின் வாசல்களிலேயே நாங்கள் மிகுதியாக அமர்ந்திருந்தோம். அங்கே கொடுத்த தேநீரின் சூடு எந்த விடுதியிலும் கிடைக்கவில்லை.

வெளிநாடு சென்று குளிர் காண்பது நல்ல பொழுதுபோக்குத்தான். ஆயின் செல்வோர் அந்தக் குளிரிலேயே வாழ்வோரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருதல் வேண்டும். அவர்களுள் நம் ஊரின் பெயரை நினைவில் வைத்திருப்பவர் இருக்கக்கூடும்.

அவ்வாண்டு ஆடித்தபசுக்கு நாங்கள் அறுவரும் சங்கரன்கோயிலுக்குச் சென்றோம். கம்பளிச் சட்டை வாங்கிய நண்பர் தேரையும் கூட்டத்தையும் படம் எடுத்து, கடல் கடந்து அம்முதியவருக்கு அனுப்பிவைத்தார்.