கையில் சொரசொரப்பா? தேய்க்காதீர்கள்

தோளுக்குக் கீழே, மேல்கையின் பின்புறம் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கிறதா? தொடையிலும் உண்டா? இதற்கு கெரட்டோசிஸ் பைலாரிஸ் (மயிர்க்கால் அடைத்து வரும் சிறு மேடுகள்) என்று பெயர். பதின்பருவப் பிள்ளைகளில் பலருக்கும் உண்டு. உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை.

ஏன் வருகிறது? நகத்திலும் முடியிலும் இருக்கிற கெரட்டின் என்ற புரதம் தோலிலும் உண்டு. அது மயிர்க்கால் வாயில் அளவுக்கு மீறிச் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. அந்த அடைப்புக்குள் சில சமயம் ஒரு முடி வெளியே வர வழியில்லாமல் சுருண்டு கிடக்கும். பெரும்பாலும் குடும்பவழி வருவது; அம்மா, அப்பா கையைத் தடவிப் பாருங்கள்.

ஒட்டுமா? ஒட்டாது. துண்டைத் தனியாக வைக்க வேண்டாம்.

"நல்லா தேய்ச்சுக் குளி, போயிடும்" என்பார்களே? அழுக்காக இருந்தால்தானே தேய்த்தால் போகும்! பீர்க்கங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால் தோல் வறண்டு மேடுகள் சிவந்துவிடும். நகத்தால் கிள்ளினாலும் இதே கதை. நம் மாநிறத் தோலில் அந்த இடம் கரும்புள்ளியாகி மாதக்கணக்கில் நிற்கும். பார்ப்பவர் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் இந்தப் புள்ளிகள்தான்.

பிறகு என்னதான் செய்வது? தோலை வறள விடாதீர்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம். குளித்ததும் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரப்பதம் இருக்கும்போதே கிரீம் தடவுங்கள். வெறும் ஈரப்பத கிரீம் போதவில்லை என்றால் யூரியாவோ லாக்டிக் அமிலமோ (இறுகிய மேல்தோலை இளக்குபவை) கலந்தது மருந்துக்கடையில் கிடைக்கும். கீறல் உள்ள இடத்தில் எரியும், அங்கே தடவாதீர்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளின் பெற்றோரும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எத்தனை நாளில் தெரியும்? சில வாரங்கள் ஆகும். நிறுத்தினால் மெல்லத் திரும்பும். மார்கழிக் குளிரிலும் ஏசி அறையிலும் கூடும். வயது ஏற ஏறப் பலருக்குத் தானாகவே குறைகிறது. 'ஒரே வாரத்தில் பளபளப்பு' என்று யாராவது ஸ்டீராய்டு கலந்த கிரீமைக் கொடுத்தால் வாங்காதீர்கள். நாள்பட்டால் தோல் மெலிந்துபோகும்.

மருத்துவரிடம் எப்போது போகவேண்டும்? வலி, சீழ், கடும் அரிப்பு இருந்தால். இன்னொன்றும் உண்டு: முழங்கையிலும் முட்டியிலும் முள்முள்ளாகத் தடித்து, பொழுது சாய்ந்தால் கண் சரியாகத் தெரியவில்லை என்று குழந்தை சொன்னால், அது வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். அதற்குக் கிரீம் உதவாது. உடனே அழைத்துப் போங்கள்.